வாசகசாலை வளர்த்த ஊர்கள்

கேரளத்துச் சிற்றூர்களின் பொதுவாழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழிபாட்டிடங்களையும் கட்சி அலுவலகங்களையும் கூட்டுறவு வங்கிகளையும் குறிப்பிடுவதுண்டு. ஆனால் இவற்றுக்கு இணையான இடம் பெற வேண்டிய ஓர் அமைப்பு, வாயனசாலை என்று மலையாளத்தில் அழைக்கப்படும் வாசகசாலையும், அதன் ஒரு பிரிவாகவோ அதே கூரையின்கீழ் தனிப்பெயருடனோ இயங்கும் கலை, விளையாட்டு மன்றமும் ஆகும். நூல் இரவல் கொடுப்பது இவ்வமைப்பின் பணிகளுள் ஒன்று மட்டுமே. ஓணக் கொண்டாட்டம், நாடகம், கதாப்பிரசங்கம், கால்பந்துப் போட்டி, கண் மருத்துவ முகாம், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குச் செய்யும் பணிவிடை, வெள்ளக் காலத்து நிவாரணம் என ஓர் ஊர் கூடிச் செய்யும் காரியங்கள் பலவும் இந்தக் கட்டடத்தின் முற்றத்தில் இருந்தே புறப்படுகின்றன. கேரளத்தின் கல்வி வளர்ச்சிக்கும் பொதுநல விழிப்புக்கும் மன்னராட்சிக் காலத்துப் பள்ளிகள், மறைப்பணியாளர்கள், சமூகச் சீர்திருத்தவாதிகள், இடதுசாரி இயக்கங்கள் என்று பல காரணங்களை அறிஞர்கள் கூறியுள்ளனர். அவை அனைத்தும் உண்மையே என்றாலும், அந்தச் சிந்தனைகள் ஊர்மட்டத்தில் அன்றாடப் பழக்கமாக மாறியது இத்தகைய சிறு மன்றங்களில்தான் என்பதை அவற்றின் நிகழ்ச்சிகளைக் கூர்ந்து நோக்கினால் உணரலாம்.

இந்த மன்றங்களின் வெளித்தோற்றத்தில் பெருமை கொள்ளத்தக்கது எதுவும் இல்லை. பேருந்து நிற்கும் முக்கிலோ நியாயவிலைக் கடைக்கு அருகிலோ ஓர் ஓட்டுக் கட்டடம் அல்லது இரண்டு மாடிக் காரைக் கட்டடம் இருக்கும். முகப்பில் ஊரின் பெயர், மறைந்த பெரியவர் ஒருவரின் நினைவுப் பெயர், நிறுவிய ஆண்டு, பதிவு எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். உள்ளே நீள மேசையில் அன்றைய நாளிதழ்கள் விரித்துப் போடப்பட்டிருக்கும்; சுவரையொட்டிய இரும்பு அலமாரிகளில் பழுப்புத் தாளால் அட்டையிட்டு, முதுகில் எண் ஒட்டிய நூல்கள் நிற்கும். பின்னறையில் காரம் பலகையும், போட்டிக்கு வாங்கிய வடக்கயிறும், செண்டை மேளங்களும், விழாவுக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மாலை நான்கு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணி வரையில் இயங்கும் இவ்விடத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியரும் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து ஒரே நாளிதழின் தனித்தனித் தாள்களைப் பிரித்துப் படிப்பது அன்றாடக் காட்சி. சாதியால் நெடுங்காலம் துண்டுபட்டிருந்த ஒரு நாட்டில் இந்தப் பக்கத்து நாற்காலி எளிதில் கிடைத்ததன்று என்பதை நினைவில் கொள்வது நல்லது.

இவ்வமைப்புகளை ஓர் இயக்கமாக ஒருங்கிணைத்த பெருமை பி. என். பணிக்கரைச் சேரும். 1909-ல் குட்டநாட்டு நீலம்பேரூரில் பிறந்து பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1926-ல், இருபது வயது நிரம்புவதற்கு முன்பே, சொந்த ஊரில் சனாதன தர்மம் என்ற பெயரில் ஒரு வாசகசாலையைத் தொடங்கினார். பிறகு ஊர் ஊராகச் சென்று ஆங்காங்கே தனித்தனியாக இயங்கி வந்த வாசகசாலைகளை இணைக்க முயன்றார். அதன் பயனாக 1945-ல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளின் பேராளர்கள் கூடி, திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தை அமைத்தனர். அக்கூட்டத்தைத் தொடங்கி வைத்தவர் அன்றைய திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரின் ஒரு பகுதியாக இருந்தது என்பதால், இந்த வரலாற்றின் தொடக்கம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் அயலானதன்று. 1956-ல் மொழிவழி மாநிலம் அமைந்தபோது சங்கமும் கேரளம் முழுமைக்கும் விரிந்தது. 1970-ல் தென்கோடியில் தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலையில் தொடங்கி வடகோடியில் உள்ள காசர்கோடு வரை, படித்து வளருங்கள் என்ற முழக்கத்தோடு சங்கத்தினர் நடத்திய பண்பாட்டு நடைப்பயணம் இயக்கத்தை வீட்டு வாசல்களுக்குக் கொண்டு சென்றது. எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோ வழங்கிய குரூப்ஸ்கயா விருது 1975-ல் இச்சங்கத்துக்குக் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அரசு சங்கத்தின் நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது, பணிக்கர் ஒதுங்கி அமர்ந்துவிடாமல் முறைசாராக் கல்விக்கென்று கான்ஃபெட் என்னும் புதிய அமைப்பை உருவாக்கிப் பணியைத் தொடர்ந்தார். அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளே கேரளத்தில் வாசிப்பு நாளாக ஆண்டுதோறும் பள்ளிகளிலும் மன்றங்களிலும் கடைப்பிடிக்கப்படுகிறது.

வடக்கே மலபாரில் வாசகசாலைகள் வேறு வழியில் வளர்ந்தன. சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக இருந்த அப்பகுதியில் 1930-களில் தேசிய இயக்கமும், அதனைத் தொடர்ந்து விவசாயிகள் சங்கமும், ஆசிரியர் சங்கமும் தத்தம் கருத்துகளைப் பரப்ப நாடியவை ஊர்ப்புறத்து வாசகசாலைகளே. எழுத்தறியாத குத்தகை விவசாயிகள் மாலையில் கூடி அமர, படித்த ஒருவர் நாளிதழை உரக்கப் படித்துப் பொருள் சொல்வது அங்கே இரவுப் பள்ளியாகவும் அரசியல் வகுப்பாகவும் ஒருசேரப் பயன்பட்டது. இதே பழக்கம் கண்ணூர்ப் பகுதியின் பீடித் தொழிற்கூடங்களிலும் வேரூன்றியது. கைகள் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது காதுகள் சும்மா இருக்க வேண்டியதில்லை என்பதால், தொழிலாளருள் ஒருவர் நாளிதழோ நாவலோ படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்தனர். நாடகமும் இச்சூழலிலேயே அரசியல் வலிமை பெற்றது. கே. தாமோதரன் எழுதிய பாட்டபாக்கி, அதாவது குத்தகை நிலுவை என்னும் பொருளுடைய நாடகம், 1937-ல் குருவாயூருக்கு அருகே நடந்த விவசாயிகள் மாநாட்டுக்காக மேடையேறியது. பார்வையாளர்கள் தம் வீட்டுத் துயரத்தை முதன்முறையாகத் தமக்கு எதிரே மேடையில் கண்டார்கள்.

இன்றைய சட்ட ஏற்பாட்டைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால்தான் இம்மன்றங்களின் தனித்தன்மை விளங்கும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் உருவான 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுநூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் இயற்றப்பட்ட முதல் சட்டமாகும். மலபாரும் அதன்கீழ் வந்தது. அச்சட்டத்தின் வழியில் தமிழ்நாட்டில் நூலகம் என்பது அரசு அமைக்கும் நிறுவனமாயிற்று; நூலகர் அரசுப் பணியாளர் ஆனார். கேரளத்தில் 1989-ல் இயற்றப்பட்ட பொதுநூலகச் சட்டமோ, ஊரார் கூடி நிறுவிப் பதிவு செய்த வாசகசாலையை ஊராரிடமே விட்டுவிட்டு, அதற்கு இணைப்பும் தரமும் மானியமும் வழங்கும் பொறுப்பை மாநில நூலக மன்றம் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தது. அந்த மன்றத்தின் உறுப்பினர்களுள் பெரும்பாலோர் வட்டம், மாவட்டம், மாநிலம் என்ற மூன்று படிகளில் வாசகசாலைகளின் பேராளர்களாலேயே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கட்டட வரியோடு சேர்த்து உள்ளாட்சிகள் வசூலிக்கும் நூலக மேல்வரியும், மாநிலக் கல்வி ஒதுக்கீட்டில் குறைந்தது நூற்றில் ஒரு பங்கும் இதற்கான நிதி ஆதாரங்கள். நூல் எண்ணிக்கை, உறுப்பினர் எண்ணிக்கை, இரவல் கொடுத்த கணக்கு, நடத்திய நிகழ்ச்சிகள் ஆகியவற்றைச் சோதித்து, வாசகசாலைகள் தரவாரியாக வகைப்படுத்தப்படுகின்றன. நிகழ்ச்சி நடத்துவதும் தரமதிப்பீட்டில் சேர்க்கப்பட்டுள்ளது என்பது கவனிக்கத்தக்கது. ஊரைக் கூட்டாத வாசகசாலை தன் கடமையில் பாதியைச் செய்யவில்லை என்ற எண்ணமே இந்த விதியின் அடிப்படை. இன்று எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகசாலைகள் இவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன.

ஊரைக் கூட்டும் நிகழ்ச்சிகளுள் நெடுங்காலம் முதலிடம் பெற்றது வாசகசாலையின் ஆண்டு விழாவாகும். அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ பந்தலிட்டு, மாலையில் பண்பாட்டுக் கூட்டம் என்ற பெயரில் ஓர் எழுத்தாளரையோ பேராசிரியரையோ அழைத்துப் பேசச் செய்து, பின்னிரவு வரை கலை நிகழ்ச்சி நடத்துவது மரபு. கதாப்பிரசங்கம் என்னும் கலை இந்த மேடைகளால் வாழ்ந்தது. தமிழகத்தின் கதாகாலட்சேபத்துக்கு உறவான இக்கலையில் ஒருவரே கதை சொல்லி, இடையிடையே பாடி, பாத்திரங்களாக மாறி நடித்துக் காட்டுவார். ஆனால் புராணத்தோடு நின்றுவிடாமல் சமகால நாவல்களையும் உலக இலக்கியத்தையும் எடுத்துக்கொண்டது அதன் சிறப்பு. கொல்லம் மாவட்டத்துச் சவரைப் பகுதியைச் சேர்ந்த வி. சாம்பசிவன் டால்ஸ்டாயையும் ஷேக்ஸ்பியரையும் இவ்வாறு மலையாளத்தில் சொன்னபோது, அந்நூல்களை வாழ்நாளில் தொட்டுப் பார்த்திராத கயிறு திரிக்கும் பெண்களும் மீனவர்களும் நள்ளிரவைக் கடந்தும் மணலில் அமர்ந்து ஒத்தெல்லோவின் ஐயத்தையும் டெஸ்டிமோனாவின் முடிவையும் கேட்டுக் கண்ணீர் வடித்தார்கள். உயர்ந்த இலக்கியம் கற்றவருக்கே உரியது என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

நாடகத்தின் கதை இன்னும் செறிவானது. 1952-ல் அதே சவரையில் கே.பி.ஏ.சி. என்னும் மக்கள் கலைக் கழகம் தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெக் கம்யூனிஸ்டாக்கி’ (நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்) நாடகத்தை அரங்கேற்றிய பிறகு, அந்த அலையில் ஊர்தோறும் நாடகக் குழுக்கள் தோன்றின. பின்னாளில் மலையாளத் திரையுலகின் தலைசிறந்த நடிகர்களுள் ஒருவராகப் போற்றப்பட்ட திலகன், மலையோரச் சிற்றூரான முண்டக்கயத்தில் நண்பர்களோடு சேர்ந்து அமைத்த நாடக மன்றத்தில்தான் 1950-களில் தம் கலைவாழ்வைத் தொடங்கினார். பெரும்பாலான ஊர்மன்றங்களின் நாடகங்கள் ஓரிரு மேடைகளோடு முடிந்துவிட்டன என்பதும், பெண் வேடத்துக்கு ஆண்களோ வெளியூரிலிருந்து கூலிக்கு வரும் நடிகையோ தேவைப்பட்டார்கள் என்பதும் உண்மையே. எனினும் இரண்டு மாதம் இரவுதோறும் வாசகசாலைப் பின்னறையில் ஒத்திகை பார்த்த இளைஞர்கள், பாடம் மனப்பாடம் செய்ததோடு நில்லாமல், மற்றொருவனின் வாழ்க்கைக்குள் நுழைந்து பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள்.

அவ்வாறான மன்றங்களுள் நிலம்பூர் இளைஞர் கலைமன்றம் தனியே எடுத்துப் பேசத்தக்கது. தேக்குக் காடுகளுக்குப் பெயர்பெற்ற, இன்றைய மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த அந்தச் சிற்றூரில், 1950-களின் தொடக்கத்தில் இ. கே. அயமு எழுதிய நாடகம் ஒன்று, நீ நல்ல மனிதனாக முயற்சி செய் என்ற பொருளுடைய தலைப்பையே தாங்கி, மாப்பிள்ளை முஸ்லிம்களின் பேச்சுவழக்கில் மேடையேறியது. அதில் பெண் பாத்திரத்தில் ஆண் ஒருவரே நடிப்பது செயற்கையாக இருக்கிறது என்ற குறை எழுந்தபோது, அதே சமூகத்தைச் சேர்ந்த ஆயிஷா என்னும் பதின்வயதுப் பெண் நடிக்க முன்வந்தார். சமய ஒழுக்கத்துக்கு விரோதம் என்று கருதியவர்கள் ஊர்விலக்கு அறிவித்தார்கள், மேடையில் கல்லெறிந்தார்கள், ஒருமுறை துப்பாக்கியால் சுடவும் செய்தார்கள். குண்டு அவர்மேல் படாமல் தப்பியது, நாடகம் தொடர்ந்தது. மன்றத்தினர் அப்பெண்ணைக் கைவிடாமல் அவர் செல்லும் ஊரெல்லாம் காவலாக உடன்சென்றார்கள் என்பதும், அவரும் அஞ்சி ஒதுங்காமல் நிலம்பூர் ஆயிஷா என்ற பெயரில் நாடகத்திலும் திரைப்படத்திலும் நீண்ட காலம் நடித்தார் என்பதும், ஒரு சிற்றூர் மன்றத்தின் துணிவுக்குச் சான்றாக என்றும் நிற்கத் தக்கவை. தலைநகரங்களின் கலைக் கழகங்கள் பல, இத்தகைய சோதனை தமக்கு நேர்ந்தபோது இவ்வளவு உறுதியாக நின்றதில்லை.

காலம் மாறியதும் இரவு நாடகங்களின் இடத்தைத் தொலைக்காட்சி பிடித்துக்கொண்டது. ஆயினும் ஓணக் கொண்டாட்டத்தை மட்டும் எதனாலும் அசைக்க முடியவில்லை. திருவோணத்துக்கு ஒரு மாதம் முன்பே மன்றத்தின் பொதுக்குழு கூடிக் கொண்டாட்டக் குழுவையும் தலைவர், அமைப்பாளர், பொருளாளர் ஆகியோரையும் தேர்ந்தெடுக்கும். எண்ணிட்ட ரசீதுப் புத்தகங்கள் அச்சாகி வரும். இருவர் மூவராக வீடுவீடாகச் சென்று, கொடுத்த தொகை சிறிதாயினும் ரசீது கிழித்துக் கொடுத்து வசூல் செய்வார்கள். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் பரிசுக் கோப்பைகளுக்குப் பணம் அனுப்புவார்கள்; அறிவிப்புத் தாளில் ஒவ்வொரு பரிசுக்கும் எதிரே அதனை யார் நினைவாக யார் வழங்குகிறார் என்ற விவரம் அச்சிடப்பட்டிருக்கும். விழா நாளன்று காலையில் பூக்கோலப் போட்டி, அதன்பின் குழந்தைகளுக்கு எலுமிச்சையைக் கரண்டியில் ஏந்தி ஓடுவது, சாக்குக்குள் கால்நுழைத்து ஓடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு வரைந்த பெண்முகத்துக்குப் பொட்டு வைப்பது, பெண்களுக்கு நாற்காலிப் போட்டி, பிற்பகலில் உறியடி. எல்லாவற்றுக்கும் மணிமுடியாக மாலையில் வடம் இழுக்கும் போட்டி நடைபெறும்.

வடம் இழுப்பது உடல்வலிமையின் விளையாட்டு என்று எண்ணுவோர், அதனை அருகிலிருந்து நோக்கினால் ஒழுங்கின் விளையாட்டு என்று அறிவார்கள். எதிரெதிராக நிற்கும் இரண்டு அணியினரும் மண்ணில் குதிகாலால் குழி பறித்து ஊன்றிக்கொள்வர். கடைசியில் நிற்பவர் கயிற்றைத் தோளிலும் இடுப்பிலும் வளைத்து நங்கூரம்போல் பின்சாய்வார். வரிசைக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரின் ஒரே குரலுக்கு அனைவரும் ஒருசேர மூச்சைப் பிடித்துப் பின்வாங்குவார்கள். ஒருவர் முந்தி இழுத்தாலும் அணி சரிந்துவிடும். வென்ற அணிக்கு முதிர்ந்த நேந்திரங்குலையும் சில ஊர்களில் கிடாய் ஆடும் பரிசு. மறுநாள் அந்த ஆடு கறியாகி இரு அணியினரும் ஒன்றாக உண்பதும் நடக்கிறது. இந்தப் போட்டியில் மதமோ கட்சியோ பார்த்து அணி பிரிவதில்லை. வார்டு பார்த்தும் வயது பார்த்தும் மணமானவர், மணமாகாதவர் என்று பார்த்தும் பிரிகிறார்கள். நாள்தோறும் பகைத்துக்கொள்ளக் காரணங்கள் மலிந்த ஒரு சமூகத்தில், பகையற்ற காரணத்துக்காக எதிரெதிராக நிற்க ஒரு நாள் அமைவது சிறிய நன்மையன்று.

விழா முடிந்த வாரத்திலோ மறுவாரத்திலோ நடக்கும் கணக்குக் கூட்டம், விழாவைப் பார்த்தவர்களுள் பலரும் அறியாதது. ஆனால் இம்மன்றங்களின் உயிர்நிலை அதுவே. பொருளாளர் வரவு செலவைப் படிப்பார். பந்தல் செலவு ஏன் கூடியது, மிச்சப்பட்ட மூங்கில் எங்கே போயிற்று என்று கேள்வி எழும். எழுப்புகிறவர் கூலித் தொழிலாளியாக இருக்கலாம், விடை சொல்ல வேண்டியவர் கல்லூரி ஆசிரியராக இருக்கலாம். தீர்மானம் முன்மொழிவது, வழிமொழிவது, திருத்தம் கொண்டுவருவது, நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, தோற்றபின் பெரும்பான்மை முடிவுக்கு உட்பட்டு வேலை செய்வது ஆகிய மக்களாட்சிப் பழக்கங்களைப் பாடநூலில் படிப்பதற்கு முன்பே பதினைந்து வயதுச் சிறுவன் இங்கே கண்டுவிடுகிறான். பஞ்சாயத்து உறுப்பினர்களிலும் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களிலும் தொழிற்சங்கத் தலைவர்களிலும் இத்தகைய மன்றங்களின் வழியாக வந்தவர்கள் மிகுதி. கலை நிகழ்ச்சி என்பது வேலை முடிந்தபின் கிடைக்கும் பொழுதுபோக்கு என்றும், சமூகப்பணியே உண்மையான பணி என்றும் பிரித்துப் பார்ப்பது பலரது வழக்கம். இப்பிரிவினை தவறானது. நாற்காலி தூக்கியும் ரசீது கிழித்தும் கணக்குக் காட்டியும் ஒருவர் மேல் ஒருவருக்கு வளரும் நம்பிக்கையே, இடர் வந்தபோது ஊரை ஒன்றாக இயக்குகிறது. அந்த நம்பிக்கைக்கு விளைநிலம் விழாதான்.

இதற்கு முதல் பெருஞ்சான்று எழுத்தறிவு இயக்கம். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 18-ல் கோழிக்கோட்டில் மாநிலம் முழுவதற்குமான அறிவிப்பைப் படித்தவர், அவ்வியக்கத்தின் வழியே முதுமையில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. 1962-ல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அதாவது அறிவியல் செய்திகளைத் தாய்மொழியில் மக்களிடம் கொண்டுசெல்லும் அமைப்பு, 1980 முதல் நடத்திவந்த கலைப்பயணங்கள் இதற்கு வழியமைத்திருந்தன. பாட்டும் வீதி நாடகமும் கொண்ட அக்குழு ஓர் ஊருக்கு வரும்போது, வரவேற்பது, உணவளிப்பது, கூட்டம் சேர்ப்பது, நூல்களை முன்கூட்டியே விற்றுச் செலவுக்குப் பணம் திரட்டுவது ஆகியவற்றில் ஊர் வாசகசாலைகளின் பங்கு பெரிது. இதே கலைப்பயண முறையே பின்னர்த் தமிழ்நாட்டின் அறிவொளி இயக்கத்துக்கும் முன்மாதிரி ஆயிற்று.

நோயாளிகளுக்கான ஆதரவுப் பணி இன்னொரு சான்று. தீரா நோயில் கிடப்போரின் வலியைத் தணித்து, இறுதிவரை உடனிருந்து பேணும் பாலியேட்டிவ் சிகிச்சைக்காக 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சங்கம் தோன்றியது. 2001-ல் அண்டை வீட்டார் வலைப்பின்னல் என்ற முறை உருவாகி, மலப்புறம் முதலிய மாவட்டங்களில் ஊர்மட்டத் தொண்டர்களிடமே பணியின் பெரும்பகுதி ஒப்படைக்கப்பட்டது. மருத்துவரும் செவிலியரும் வாரத்தில் ஒருமுறை வருவார்கள். மற்ற நாட்களில் புண்ணைக் கழுவிக் கட்டுவது, குளிப்பாட்டுவது, அந்தக் குடும்பத்துக்கு அரிசி வாங்கிக் கொடுப்பது, பேசிக்கொண்டிருப்பது ஆகியவை அண்டை வீட்டாரின் கடமை. பயிற்சி வகுப்பு நடக்கும் இடமாகவும், தொண்டர்கள் கிடைக்கும் இடமாகவும் வாசகசாலைகளும் மன்றங்களும் பயன்பட்டன. அணிக்கு எழுவர் ஆடும் செவன்ஸ் கால்பந்து மலப்புறத்தின் பெருங்காதல். அறுவடை முடிந்த வயல்களில் தற்காலிக மூங்கில் இருக்கைகள் கட்டி மன்றங்கள் நடத்தும் அப்போட்டிகளின் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு பல ஊர்களில் இந்தச் சிகிச்சை மையங்களுக்குச் செல்கிறது. 2008-ல் இத்துறைக்கென்று தனிக் கொள்கையை அறிவித்த முதல் இந்திய மாநிலமாகக் கேரளம் ஆனபோது, அரசு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊர்கள் ஏற்கெனவே செய்துவந்ததை ஏற்று விரிவாக்கியது.

2018 ஆகஸ்டில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பெருவெள்ளத்தின்போது, மேட்டுநிலத்தில் இருந்த வாசகசாலைகள் உடையும் மருந்தும் திரட்டும் மையங்களாக மாறின. தாழ்நிலத்தில் இருந்தவை தம் நூல்களை எல்லாம் சேற்றில் இழந்தன. எந்த வீட்டில் நடக்கவியலாத முதியவர் இருக்கிறார், எந்தச் சந்தில் படகு நுழையும் என்பதை அதிகாரிகளுக்குச் சொன்னவர்கள் பெரும்பாலும் ஓணத்துக்கு வீடுவீடாக வசூலுக்குப் போன அதே இளைஞர்கள். 2020 ஜூனில் தொற்றுக்காலத்துப் பள்ளிப் பாடங்கள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியபோதும், வீட்டில் தொலைக்காட்சியோ கைப்பேசியோ இல்லாத பிள்ளைகளுக்கென வாசகசாலைகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன.

இவ்வளவு சொன்னபின், குறைகளை மறைப்பது இம்மன்றங்களுக்குச் செய்யும் நன்மையாகாது. கட்சி மோதல் கடுமையான ஊர்களில் ஒரே முக்கில் இரண்டு வாசகசாலைகள் எதிரெதிராக நிற்கின்றன. நிர்வாகக் குழுத் தேர்தல் கட்சிப் பட்டியலின்படியே நடக்கிறது. அங்கே பக்கத்து நாற்காலி என்ற பண்பு தேய்ந்துவிடுகிறது. மானியத்துக்காக நூல் வாங்கி, பதிவேட்டுக்காக இரவல் எழுதி, தரமதிப்பீட்டு நாளில் மட்டும் தூசி துடைக்கும் வாசகசாலைகளும் இருக்கின்றன. நூலகருக்குக் கிடைக்கும் சிறு மதிப்பூதியம் ஒரு குடும்பத்துக்குப் போதாது. படித்த இளைஞர்கள் வெளிநாடு செல்வது பெருகியதால், ஊரில் எஞ்சியிருக்கும் உறுப்பினர்களின் தலை நரைத்துவருகிறது.

எல்லாவற்றினும் பெரிய குறை பெண்களின் இடம் பற்றியது. தொடக்கத்திலிருந்தே இரவில் கூடும் இடமாக இருந்ததால் வாசகசாலை ஆண்களின் கூடமாகவே பழகிவிட்டது. பிற்காலத்தில் மகளிர் அவை, சிறுவர் அவை, முதியோர் அவை என்று பிரிவுகள் தொடங்கப்பட்டன. பெண் நூலகர்கள் பையில் நூல்களைச் சுமந்து வீடுவீடாகச் சென்று கொடுத்துத் திரும்பப் பெறும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுக்கள் பெண்களைக் கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் பழக்கியபின், மன்ற விழாக்களில் திருவாதிரைக் களியோடு பெண்களின் சிங்காரி மேளக் குழுக்களும் இடம்பெறுகின்றன. செண்டையைத் தோளில் மாட்டி இரண்டு மணி நேரம் அடிக்கும் பெண்களைக் கைதட்டி வரவேற்கும் அதே மன்றங்கள், செயலாளர் பொறுப்பை மட்டும் பெரும்பாலும் ஆண்களுக்கே வைத்துக்கொள்கின்றன.

புதுப்பிக்க முடியும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. கொல்லம் மாவட்டத்துப் பெருங்குளத்தில், காந்தியடிகள் கொலையுண்ட 1948-ல் அவர் நினைவாக இளைஞர்கள் தொடங்கிய பாபுஜி நினைவு வாசகசாலை, வாசகர் வரட்டும் என்று காத்திராமல், சாலையோரங்களில் மழை புகாத சிறு கண்ணாடிப் பெட்டிகளை நட்டு அவற்றில் நூல்களை வைத்தது. பூட்டும் இல்லை, பதிவேடும் இல்லை. எடுத்தவர் படித்தபின் திரும்ப வைக்கலாம், தம்மிடம் உள்ள நூல் ஒன்றையும் சேர்த்து வைக்கலாம். 2021-ல் அவ்வூர் கேரளத்தின் முதல் புத்தகக் கிராமமாக அறிவிக்கப்பட்டது.

பெருங்குளத்தின் பெட்டிகளைப் பின்பற்றுவது எளிது. நிலம்பூர் மன்றத்தின் துணிவைப் பின்பற்றுவதே கடினம். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணை மேடையேற்றிக் கல்லடிக்கு நடுவே காத்து நின்ற இயக்கம், இன்று தன் நிர்வாகக் குழுவின் தலைமைப் பொறுப்புகளில் சரிபாதியைப் பெண்களுக்கு அளிக்கத் தயங்குவதற்கு நியாயம் எதுவும் இல்லை. மாநில நூலக மன்றம் தரமதிப்பீட்டு விதிகளில் இதனையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.